பின்கதவில் ஒரு சாண் கீறல்

மனித குலம் இன்றுவரை அழியாமல் இருப்பதற்குச் சந்தேகம் ஒன்றே காரணம். குகைக்கு வெளியே சலசலப்புக் கேட்டபோது "காத்துதான், படு" என்று திரும்பிப் படுத்தவர்களையெல்லாம் புலி தின்றுவிட்டது. "இல்லை, என்னவோ இருக்கு" என்று எழுந்து உட்கார்ந்தவனுடைய பிள்ளைகள்தான் நாமெல்லாம். அந்த மகத்தான பரம்பரையின் நேரடி வாரிசு ஒருவர், ஒரு சனிக்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்கு, கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் வாசலில் முட்டி போட்டு, புதுக் காரின் நான்கு டயரிலும் சாக்பீஸால் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்.

"டயர்ல ஏதாவது பிரச்சினையா சார்?" என்று குனிந்து விசாரித்தார் டை கட்டிய இளைஞர் ஒருவர். மார்பில் தொங்கிய அட்டையில் 'வாடிக்கையாளர் உறவு ஆலோசகர்' என்று இருந்தது.

"இதுவரைக்கும் இல்லை. இனிமேலும் வராம இருக்கத்தான் கோடு. டயரை மாத்திட்டா தெரியணும்ல?"

"ஐந்து வாரம் ஓடின டயரை யார் சார் மாத்தப் போறாங்க?"

"அதைத்தான் நானும் பார்க்கப் போறேன்" என்று எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார்.

பரம்பரைப் பெருமையை ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தால், அவர் ஒரு மருந்துக் கிடங்கின் மேற்பார்வையாளர். லாரியில் வரும் பெட்டிகளைத் தட்டிப் பார்த்து, குலுக்கிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்து இறக்க வைப்பவர். ஒரு பெட்டியின் மூலை நசுங்கியிருந்தால் டிரைவரை நிற்க வைத்து, எந்தப் பள்ளத்தில் நசுங்கியது, அப்போது வண்டி என்ன வேகம் என்று கேட்பார். லாரிக்காரர்கள் அவருக்கு 'எக்ஸ்ரே' என்று பேர் வைத்திருந்தார்கள். அதைப் பாராட்டு என்று அவர் நினைத்திருந்தார்.

கார் அவருடையதுகூட இல்லை. மனைவியுடையது. அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்தாள். பதினொரு வருஷம் ஊரார் கையில் ஊசி குத்திக் காசு சேர்த்துத் தன் பேரில் வாங்கியிருந்தாள். அதன் நிறத்துக்குக் கம்பெனி 'ஆழ்கடல் நீலம்' என்று நாமகரணம் செய்திருந்தது. அவள் 'இங்க் கலர்' என்பாள். வாங்கிய மூன்றாவது வாரம், வண்டி நாற்பதைத் தாண்டினால் இடது பின்கதவுக்குள்ளிருந்து 'கிர்க், கிர்க்' என்று சத்தம் வர ஆரம்பித்தது. உள்ளே யாரோ ஒளிந்துகொண்டு நகம் கடிப்பது போல.

"திங்கக்கிழமை லீவு போட்டு நானே எடுத்துட்டுப் போறேன். நீங்க போனீங்கன்னா அங்க ஒரு சண்டை முடியும், சத்தம் அப்படியே இருக்கும்" என்றாள் அவள்.

"கார் உன் பேர்ல இருக்கலாம். ஆளைப் படிக்கிறது என் தொழில். உன்னை மாதிரி ஆளுங்கன்னா அந்தப் பசங்க கண்ணுல மண்ணைத் தூவிடுவாங்க."

அவள் சாவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை.

"ஒரு கீறல் இல்லாம திரும்பி வரணும். ஏதாவது ஆச்சு, இந்தச் சாவியை நீங்க தொடுறது இதுதான் கடைசி."

ஆகவே மேற்பார்வையாளர் எல்லா முன்னேற்பாடுகளோடும் வந்திருந்தார். காரை ஒப்படைக்கும் முன்பே அறுபத்து நான்கு படம் எடுத்தார். ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டார். திருடு போகக்கூடிய எல்லாவற்றையும் ஒரு கோணியில் போட்டுக் கட்டினார்: தரை விரிப்பு நான்கு, டிஷ்யூ டப்பா, பாதி தீர்ந்த வாசனைப் புட்டி, ஓரத்தில் ஒரு கல் உதிர்ந்த மனைவியின் கூலிங் கிளாஸ். ஸ்டெப்னியையும் கழற்றப் பார்த்தார்; அது வரவில்லை.

"சார், மூட்டையை லவுஞ்ச்ல வெச்சுட்டுப் போங்க. பத்திரமா இருக்கும்" என்றார் ஆலோசகர்.

'பத்திரமா இருக்கும்' என்று ஒருவர் தானாக முன்வந்து சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று இருபது வருஷ அனுபவம் அவருக்குச் சொல்லியிருந்தது. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டே லவுஞ்சுக்குள் போனார்.

லவுஞ்ச் என்பது மிகவும் குளிரான ஒரு அறை. நான்கு சோபா, ஒரு காப்பி மெஷின், சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு திரை. திரைக்கு மேலே 'உங்கள் வாகனம், உங்கள் கண்முன்!' என்று எழுதியிருந்தது. பட்டறைக்குள் நடப்பதை அங்கே உட்கார்ந்தபடியே நேரடியாகப் பார்க்கலாமாம். இதைத்தான் கம்பெனி 'கண்ணாடி போன்ற வெளிப்படைத்தன்மை' என்று விளம்பரம் செய்திருந்தது. அன்று திரையில் வெள்ளை உடை உடுத்திய ஒரு குடும்பம் மலைப்பாதையில் காரோட்டிக்கொண்டே சிரித்தது. சிரித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து சிரித்தது.

"என் கார் எங்கேப்பா?"

"சாஃப்ட்வேர் அப்டேட் போயிட்டிருக்கு சார். இன்னும் பத்து நிமிஷம்."

அந்தக் குடும்பம் மேலும் ஏழு தடவை சிரித்தது. 'இன்றைக்கென்று பார்த்து அப்டேட்டா? என் கார் வந்த அன்றைக்கா?' என்று மேற்பார்வையாளர் சோபா நுனியில் உட்கார்ந்தபடி தன்னையே கேட்டுக்கொண்டார். உள்ளே என்ன கழற்றுகிறார்கள்? எதற்குப் பதிலாக எதை மாட்டுகிறார்கள்? பதினொன்றரை மணிக்கு அவரால் தாங்க முடியவில்லை. போன் பேசப் போவது போல வெளியே வந்து, சுற்றுச்சுவரைப் பிடித்துக்கொண்டே பின்சந்துக்குப் போனார்.

பின்சந்தில் பெயின்ட் நாற்றம் மூக்கைத் துளைத்தது. கைக்குட்டையை மூக்குக்குக் குறுக்கே கட்டிக்கொண்டார். வெயில் நேராக முகத்தில் அடித்தது. மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவி, மனைவியின் கூலிங் கிளாஸை எடுத்து மாட்டிக்கொண்டார். சுவர் உயரமாக இருந்தது. யாரோ தூக்கிப் போட்ட பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி, போனைக் கையில் தயாராகப் பிடித்தபடி மெல்லத் தலையை உயர்த்தினார்.

கார் தெரிந்தது. முழுசாக, பளபளவென்று இருந்தது. கழுவியும் விட்டிருந்தார்கள்; டயரில் சாக்பீஸ் கோடு ஒன்றுகூட மிச்சமில்லை. தடயத்தை அழித்துவிட்டார்கள்! நீல உடுப்புப் போட்ட டிரைவர் ஒருவன் உள்ளே ஏறினான். ஏறியவன் சீட்டைப் பின்னால் தள்ளினான். 'அடப்பாவி, அவ சீட்டைத் தள்றியா?' என்று மேற்பார்வையாளர் பல்லைக் கடித்தார். கார் மெதுவாகப் பின்பக்கம் நகர்ந்தது. படம் எடுக்க அவர் இன்னும் கொஞ்சம் எக்கினார். அப்போதுதான் டிரைவர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தான்.

"ஏய்! யார்ரா அது?"

மேற்பார்வையாளர் குனிந்தார். பீப்பாய் குனியவில்லை, உருண்டது. அவர் மல்லாந்து விழுந்த அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் 'கர்ரக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அது பீப்பாயின் சத்தம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, மூட்டையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, தன் வயதுக்கு மீறிய வேகத்தில் ஓடினார். மூன்றே நிமிஷத்தில் முன்வாசல் வழியாக லவுஞ்சுக்குள் வந்து, காப்பியோடு உட்கார்ந்து, மலைப்பாதைக் குடும்பத்தை முதல் தடவை பார்ப்பவர் போலப் பார்த்தார்.

இரண்டரை மணிக்குக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆலோசகர் சாவியை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார்.

"சத்தம் சுத்தமா போயிடுச்சு சார். கதவுக்குள்ள ஒரு கிளிப் லூஸா இருந்துச்சு, அவ்வளவுதான். இந்தக் கருத்துப் படிவத்துல எல்லாத்துக்கும் பத்துக்குப் பத்து போட்டுக் கொடுத்தீங்கன்னா..."

மேற்பார்வையாளர் சாவியை வாங்கிக்கொண்டார், படிவத்தைத் தொடவில்லை. காரைச் சுற்றி வந்தார். முதல் சுற்று நின்றபடி, இரண்டாம் சுற்று குனிந்தபடி, மூன்றாம் சுற்று போனில் விளக்கைப் போட்டுக்கொண்டு. வலது பின்கதவுக்கு வந்ததும் நின்றார். கைப்பிடிக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு நிறம் கொஞ்சம் வேறாக இருந்தது. ஆழ்கடல், அந்த ஒரு சாண் மட்டும் குட்டையாகிவிட்டது போல. தடவினால் உள்ளே பள்ளம்.

"இது என்ன?"

ஆலோசகர் அந்த இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் பார்த்தார். "அது... ஏற்கெனவே இருந்த பழைய கீறல் சார்."

மேற்பார்வையாளர் சுட்டுவிரலை அந்த இடத்தில் அழுத்தி எடுத்துக் காட்டினார். விரல் நுனி நீலமாக இருந்தது.

"பழைய கீறல் ஈரமா இருக்குமா தம்பி?"

வாழ்க்கையில் இப்படிப்பட்ட நிமிஷம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அவர் அந்த விரலை மடக்காமல் அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலாளர் அறைக்குள் நுழைந்தார். பின்னாலேயே மூட்டையும் போயிற்று.

மேலாளரின் மேஜைப் பலகையில் 'வாடிக்கையாளர் மகிழ்ச்சித் துறை' என்று பொறித்திருந்தது. அவர் மகிழ்ச்சியாக இல்லை. இருந்தாலும் நாற்காலியைக் காட்டினார்.

"சார், எங்க நிறுவனத்துல வாடிக்கையாளர்னா குடும்பம்."

"அந்தக் குடும்பத்தைத்தான் காலையிலேர்ந்து திரையில பார்த்துட்டிருந்தேனே. அதை விடுங்க. அறுபத்து நாலு படம் இருக்கு என்கிட்ட. பாருங்க, ஒன்பது பதினொண்ணுக்கு வலது பின்கதவு. கீறல் இருக்கா?"

மேலாளர் பார்த்தார். இல்லை. ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் தரையைப் பார்த்தார்.

"ஒரு சின்னப் புரிதல் இடைவெளி நடந்திருக்கு சார்."

"இடைவெளி இல்லை, பள்ளம். இடிச்சிருக்கீங்க. இடிச்சதை மறைக்க மேல மையைத் தடவியிருக்கீங்க. உள்ள கேமரா இருக்குல்ல? போட்டுக் காட்டுங்க."

"கேமரா பதிவை வெளியாளுக்குக் காட்டணும்னா தலைமை அலுவலக அனுமதி..."

"இப்பத்தான் குடும்பம்னீங்க?"

ஆலோசகர் மேலாளரின் காதில் ஏதோ கிசுகிசுத்தார். மேலாளர் அதற்குத் திருப்பிக் கிசுகிசுத்தார். மேற்பார்வையாளர் நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போட்டார். லாரி டிரைவர்கள் கிசுகிசுக்க ஆரம்பித்தால் அடுத்து உண்மை வரும் என்று அவருக்குத் தெரியும். மூன்றரை மணி ஆகியிருந்தது. மனைவி நாலு மணிக்கு வேலை முடித்து வீட்டுக்குப் போவாள். அதற்குள் புதுக் கதவு போட்டுத் தருவதாக எழுத்தில் வாங்கிவிட்டால், விஷயத்தைத் தோல்வியாகச் சொல்லாமல் வெற்றியாகச் சொல்லலாம்.

மேலாளர் தொண்டையைக் கனைத்தார். "உண்மையைச் சொல்லிடறேன் சார். மறைச்சது தப்பு. சொன்னா நம்ப மாட்டீங்கன்னுதான் மறைச்சாங்க. இன்னைக்கு இங்க திருடன் புகுந்துட்டான்."

"நல்ல கதை" என்று சிரித்தார் மேற்பார்வையாளர். "எங்க கிடங்குல மழை வந்துச்சும்பாங்க. நீங்க திருடன் வந்தான்றீங்க."

"நீங்களே கேளுங்க." மணியை அடித்ததும் பின்பக்கத்துக் காவல்காரர் வந்து விறைப்பாக நின்றார். அன்றைக்குக் காலையிலிருந்து அந்தக் கதையை அவர் குறைந்தது பத்துப் பேருக்குச் சொல்லியிருக்க வேண்டும்; நன்றாகப் பழகியிருந்தது.

"பதினொண்ணே முக்கால் இருக்கும் சார். நம்ம டிரைவர் வண்டியை ரிவர்ஸ் எடுத்துட்டு இருந்தாரு. திடீர்னு செவுத்து மேல ஒரு தலை. மூஞ்சியில துணி கட்டியிருக்கான்..."

மேற்பார்வையாளரின் மேல்கால் கீழே இறங்கியது.

"...கண்ணுல கறுப்புக் கண்ணாடி. அதுவும் பொம்பளைங்க போடுற கண்ணாடி சார். ஓரத்துல கல்லு வெச்சது, பளபளன்னு. தோள்ல பெரிய மூட்டை. வேற எங்கேயோ அடிச்சுட்டு நேரா இங்க வந்திருக்கான்! டிரைவர் 'யார்ரா'ன்னு கத்தி அவனையே பார்த்ததுல வண்டி பின்னாடி இருந்த இரும்பு ஸ்டாண்டுல உரசிருச்சு. நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். திபுதிபுன்னு ஓடறான். கூட ரெண்டு பேர் இருந்தாங்க. கையில இம்மாம் பெரிய கத்தி!"

"கத்தியெல்லாம் இல்லை, அது போன்..." என்று சொல்லிவிட்டார் மேற்பார்வையாளர்.

மேலாளரும் ஆலோசகரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"போனா இருக்கும்னு சொல்ல வந்தேன். இந்தக் காலத்துத் திருடங்க கத்தியா வெச்சுக்கறாங்க?" என்று மூட்டையைக் குதிகாலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினார். மூட்டை பெரியது. பாதிதான் போயிற்று.

அந்த நிமிஷத்திலிருந்து அறையில் இருந்த சந்தேகம், உட்காரும் இடத்தை மாற்றிக்கொண்டது. மேலாளர் முன்னால் சாய்ந்தார்.

"நீங்க கேட்டது நியாயம்தான் சார். கேமராவைப் போட்டுப் பார்த்துடலாம். போலீஸுக்கும் கொடுக்கணும். அனுமதி நான் வாங்கிக்கறேன்."

"எதுக்குங்க? தலைமை அலுவலகத்தைப் போய்த் தொந்தரவு பண்ணிக்கிட்டு..."

"தொந்தரவு என்ன சார்? விரல்ல மை காயறதுக்குள்ள தூக்கிக்கிட்டு வந்தீங்களே!"

"பெரிய கீறலா அது? துடைச்சா போயிடும். மனுஷன்னா கை தவறத்தான் செய்யும். அந்த டிரைவரும் பிள்ளைகுட்டிக்காரனா இருப்பான். விடுங்க, விடுங்க" என்று எழுந்தார். இருபது வருஷத்தில் ஒரு நசுங்கிய பெட்டியைக்கூட 'விடுங்க' என்று சொன்னவரில்லை. கருத்துப் படிவத்தைத் தானே கேட்டு வாங்கி எல்லாவற்றுக்கும் பத்துப் பத்தாகப் போட ஆரம்பித்தார்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மனைவி. துண்டித்தார். மறுபடி அதிர்ந்தது. துண்டித்துவிட்டு, 'வேலை முடியலை, நீ வீட்டுக்குப் போ' என்று அனுப்பினார். அப்போது கதவு திறந்தது.

"வேலை சீக்கிரம் முடிஞ்சு நேரா இங்க வந்தேன், வாசல்லதான் நிக்கறேன். ரெண்டு தடவை கட் பண்ணீங்க" என்றாள் மனைவி. உள்ளே வந்தவள் கணவனைப் பார்த்தாள், படிவத்தைப் பார்த்தாள். அவர் போட்டிருந்த பத்துக்களைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "எதுக்குமே ஆறு மார்க்குக்கு மேல போட மாட்டாரே இவரு. காருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லை. சத்தம் போயிடுச்சு. வா, போகலாம்."

"விரல்ல என்ன நீலம்?"

"பேனா."

"பேனா சிவப்பு" என்றாள் அவள், அவர் கையிலிருந்த பேனாவைப் பார்த்து.

மேலாளர் எழுந்து நின்று, மிகுந்த வருத்தத்தோடு, உண்மையில் கொஞ்சம் உற்சாகத்தோடு, நடந்ததைச் சொன்னார். கீறலைச் சொன்னார், மறைத்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார், திருடனைச் சொன்னார். கண்ணாடிக்கு வந்ததும் காவல்காரர் இடையில் புகுந்து, ஓரத்தில் எத்தனை கல் என்பதுவரை விவரித்தார்.

"எந்தப் பக்கம் ஒரு கல்லு இல்லை?" என்று கேட்டாள் மனைவி.

"அம்மா?"

"பரவாயில்லை. கேமராவைப் போடுங்க."

"ஏம்மா, அதான் அவங்களே ஒத்துக்கிட்டாங்களே..." என்று ஆரம்பித்தார் மேற்பார்வையாளர்.

"நீங்க உட்காருங்க. கார் என் பேர்ல இருக்கு. நான் பார்க்கணும்."

மேலாளரின் கணினியில் படம் ஓடியது. சத்தமில்லாத படம். நீலக் கார் நிற்கிறது. டிரைவர் ஏறுகிறான். சுவருக்கு மேலே முதலில் ஒரு கண்ணாடி எழுந்தது. அதற்குக் கீழே கைக்குட்டை எழுந்தது. கைக்குட்டையின் மூலையில் நூலால் தைத்த ஒரு சின்ன ரோஜாப்பூ இருந்தது. படம் நல்ல தெளிவு. தோளில் மூட்டை. பிறகு கண்ணாடி, ரோஜா, மூட்டை எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் மறைந்தன. சுவருக்கு மேலே கடைசியாக ஒரு கால் மட்டும் வந்துவிட்டுப் போயிற்று. கார் இரும்பு ஸ்டாண்டில் உரசி நின்றது.

மேலாளர் நாற்காலிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மூட்டையைப் பார்த்தார். ஆலோசகர் பார்த்தார். காவல்காரர் மட்டும் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை போடுங்க" என்றாள் மனைவி. அது முடிந்ததும், "அந்தக் கால் மட்டும்" என்றாள்.

மூன்றாம் தடவை ஓடியபோது காவல்காரர் "ஐயையோ" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மேற்பார்வையாளரைப் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"திரையில காரைக் காட்டறேன்னு சொல்லிட்டு விளம்பரத்தைக் காட்டினா மனுஷன் என்ன பண்ணுவான்?" என்று மேற்பார்வையாளர் சொல்லிப் பார்த்தார்.

மனைவி அவர் முன்னால் கையை நீட்டினாள். அவர் சாவியை அந்தக் கையில் வைத்தார். அதைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டு மேலாளர் பக்கம் திரும்பினாள்.

"ரிவர்ஸ் எடுக்கறவன் பின்னாடி பார்க்கணும். சுவரைப் பார்க்கக் கூடாது. சுவர் மேல எது இருந்தாலும் சரி. இடிச்சது உங்க ஆளு, மறைச்சதும் உங்க ஆளு. கதவு முழுசுக்கும் சரியான கலர்ல புதுசா பெயின்ட் அடிச்சுத் தரணும். எழுதிக் கொடுங்க. போலீஸ் வேண்டாம்."

மேலாளருக்கும் போலீஸ் வேண்டாம் என்றுதான் இருந்தது. விபத்துப் படிவம் ஒன்றை எடுத்தார். தேதி, வண்டி எண், கீறலின் நீளம் எல்லாவற்றையும் நிரப்பி, 'சேதத்துக்கான காரணம்' என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்தினார்.

"இதுல 'எதிர்பாராத புறச்சூழல்'னு போட்டுக்கலாமா மேடம்? கௌரவமா இருக்கும்."

"அப்படின்னா என்ன? படிக்கறவங்களுக்குப் புரியற மாதிரி போடுங்க."

மேலாளர் போட்டார். படிவத்தைத் திருப்பி மேஜையில் நகர்த்தினார். மனைவி படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக் கையெழுத்துக்கு இன்னொருவர் வேண்டியிருந்தது. ஆலோசகரும் காவல்காரரும் கம்பெனி ஆட்கள் என்பதால் அவர்கள் போடக் கூடாதாம்.

சேதத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் 'வாடிக்கையாளரின் கணவர்' என்று எழுதியிருந்தது. சாட்சியாக மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டார்.